டீசல் தின்னும் மண் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தல்: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நுண்ணுயிரியல் மாணவர்கள் திட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. காரணம் எளிது. மண்ணுக்குக் காசில்லை, டீசல் பெட்ரோல் பங்கில் கிடைக்கும், தேவையான உப்புகள் பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும், ஒன்றரை மாதத்துக்குள் தட்டில் காலனிகளும் தென்பட்டுவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குடுவையில் இருந்த டீசல் குறைந்திருக்கிறது என்பது தெரியும். அதைக் குறைத்தது பாக்டீரியாவா, அது காற்றில் ஆவியாகிப் போயிற்றா, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமலேயே பல ஆய்வேடுகள் முடிந்துவிடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி, பாக்டீரியாவைப் பிடிக்கும் வழியைச் சொல்வதோடு, அந்தக் கேள்விக்கு விடை காணும் வழிக்கும் உரிய இடம் தருகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் மாதிரி, வாகனங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஷெட்டின் மண். ஆண்டுக்கணக்கில் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் சொட்டிக் கறுத்துப்போன அந்தத் தரையில், எண்ணெயை உணவாகக் கொள்ளத் தெரிந்த பாக்டீரியாக்கள் ஏற்கெனவே பெருகியிருக்கும். சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினிடோபாக்டர், கார்டோனியா, மைக்கோபாக்டீரியம், ஸ்ஃபிங்கோமோனாஸ் ஆகிய பேரினங்கள் இத்தகைய மண்ணில் உலகெங்கும் கிடைத்திருக்கின்றன. அவற்றை எங்கிருந்தும் வாங்கிவர வேண்டியதில்லை.

முதலில் கொஞ்சம் வேதியியல்

டீசல் ஒற்றைப் பொருள் அன்று. ஏறத்தாழ 10 முதல் 22 வரை கார்பன் அணுக்களைக் கொண்ட எண்ணற்ற ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள், கிளைச்சங்கிலி ஆல்கேன்கள், வளைய ஆல்கேன்கள், அரோமாட்டிக் சேர்மங்கள் என்று அவற்றைப் பிரிக்கலாம். பாக்டீரியாக்கள் இவற்றில் நேர்ச்சங்கிலிகளைத்தான் பொதுவாக முதலில் தின்று தீர்க்கின்றன; கிளை உள்ளவை அதற்குப் பின்னரே குறைகின்றன; பல வளையங்கள் இணைந்த அரோமாட்டிக் சேர்மங்கள் நெடுநாள் தங்குகின்றன. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால், குறைந்த டீசலைப் பாக்டீரியாதான் தின்றது என்று நிறுவுவதற்கு இதுவே கைகொடுக்கப்போகிறது.

ஹைட்ரோகார்பனில் ஆக்சிஜன் இல்லை என்பதால், அதை உடைக்கும் வேலை ஆக்சிஜனை அதற்குள் புகுத்துவதில் தொடங்குகிறது. ஆல்கேன் ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் நொதி சங்கிலியின் நுனிக் கார்பனில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து ஆல்கஹாலாக்குகிறது. ஆல்கஹால் ஆல்டிஹைடாகி, பிறகு கொழுப்பு அமிலமாகி, வழக்கமான பீட்டா ஆக்சிஜனேற்றப் பாதையில் இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டப்படுகிறது. அரோமாட்டிக் வளையத்தில் டைஆக்சிஜனேஸ் நொதிகள் ஒரே நேரத்தில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் புகுத்துகின்றன. வளையம் பெரும்பாலும் கேட்டகால் போன்ற ஓர் இடைப்பொருளாகி, அதன்பின் பிளக்கப்படுகிறது. ஆக்சிஜன் இல்லாமலும் ஹைட்ரோகார்பனைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை மிக மெதுவானவை, அவற்றை வளர்ப்பது புதியவர் வேலையன்று.

ஆக்சிஜன் எவ்வளவு தேவை என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 1 கிராம் ஹைட்ரோகார்பன் முழுவதும் கார்பன் டைஆக்சைடும் நீருமாக மாற ஏறத்தாழ 3.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 250 மி.லி. கூம்புக் குடுவையில் 100 மி.லி. ஊடகம் ஊற்றி, 1 மி.லி. டீசல் விட்டு இறுக மூடினால், எஞ்சிய காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 0.04 கிராம் மட்டுமே. அந்த டீசலுக்குத் தேவையோ 2.8 கிராம். எனவே குடுவையைப் பஞ்சால்தான் அடைக்க வேண்டும். ஆனால் ஆக்சிஜனை உள்ளே விடும் அதே பஞ்சு, டீசலின் ஆவியை வெளியே விடுகிறது. இந்த ஆய்வின் தொல்லைகளில் பாதி இந்த ஒரு பஞ்சடைப்பிலிருந்து பிறப்பவை.

மண் எடுத்தல்

ஷெட் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு, எண்ணெய் ஊறிய பகுதியில் நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மேற்பரப்பில் பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும் கறுப்பு மேலோட்டை ஒதுக்கிவிட்டு, 5 முதல் 15 செ.மீ. ஆழத்திலுள்ள மண்ணை, ஸ்பிரிட் தடவித் துடைத்த கரண்டியால் எடுங்கள். எல்லா இடங்களின் மண்ணையும் ஒன்றாகக் கலந்து, கிருமி நீக்கிய அகலவாய்ப் புட்டியில் அல்லது புதிய பாலித்தீன் பையில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குவது நல்லது. இயலாவிட்டால் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள், உறைய விடாதீர்கள். அதே பகுதியில் எண்ணெய் படாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அது இல்லாமல், கிடைத்த எண்ணிக்கைகளை ஒப்பிட எதுவும் இருக்காது.

கையுறை கட்டாயம். பழைய எஞ்சின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பலவளைய அரோமாட்டிக் சேர்மங்களும் உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கும். பழைய பேட்டரிகள் அடுக்கிவைத்த மூலையைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே அமிலமும் ஈயமும் கலந்திருந்தால் மண்ணின் தன்மையே வேறாகிவிடும்.

ஆய்வகத்தில் மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, அதன் பி.எச். அளவையும் ஈரப்பதத்தையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி கடலோரத்திலிருந்து வருமானால், எடுத்துக்காட்டாக 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் படிந்த எண்ணூர்க் கரையைப் போன்ற இடத்திலிருந்து என்றால், உப்புத்தன்மையையும் அளந்து, அதற்கேற்பச் சோடியம் குளோரைடை ஊடகத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். அங்கே பரவிய கப்பல் எரிபொருள் டீசலைவிடக் கனமானது என்பதால், மெக்கானிக் ஷெட் பாக்டீரியா அதிலும் அப்படியே வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஊடகம்

இந்த வேலைக்கு உலகெங்கும் பயன்படுவது, 1941இல் புஷ்னெல், ஹாஸ் என்ற இருவர் வெளியிட்ட கனிம உப்பு ஊடகம். ஒரு லிட்டர் வாலைவடி நீரில் மக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.02 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், அம்மோனியம் நைட்ரேட் 1 கிராம், ஃபெரிக் குளோரைடு 0.05 கிராம் கரைத்து, பி.எச். 7க்குக் கொண்டுவர வேண்டும். ஆயத்தப் பொடியாகவும் கிடைக்கிறது. உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து வெளியே எடுத்ததும் அடியில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக ஒரு வண்டல் படிந்திருக்கும். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து உண்டாவது அது. ஊடகம் கெட்டுவிட்டதென்று கொட்டிவிட வேண்டாம். குலுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம்.

இந்த ஊடகத்தில் கார்பன் கிடையாது என்பதுதான் முக்கியம். நீங்கள் சேர்க்கும் டீசலைத் தவிர உண்பதற்கு வேறெதுவும் இல்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியா, டீசலைத் தின்றே பெருக வேண்டும். அதனால் கண்ணாடிக் கலங்களில் ஒட்டிய சோப்பு, பழைய ஊடகத்தின் எச்சம் ஆகியவைகூடச் சோதனையைக் கெடுக்கும். கலங்களைக் கடைசியாக வாலைவடி நீரில் இரண்டு முறை அலசுங்கள்.

டீசலை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது; தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், இலேசான பகுதிகள் ஆவியாகிக் கலவையே மாறிவிடுவது மறுபுறம். 0.22 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிதாள் வழியாகச் செலுத்திக் கிருமி நீக்குங்கள். ஆய்வு முழுவதற்கும் தேவையான டீசலை ஒரே நாளில் வாங்கி, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் ஒவ்வொரு மாதமும் டீசலின் கலவை மாறும்.

செறிவூட்டம்

1 கிராம் மண்ணை 100 மி.லி. ஊடகத்தில் இட்டு, 1 மி.லி. டீசல் சேர்த்து, 30 டிகிரி செல்சியஸில் நிமிடத்துக்கு 150 சுற்று வேகத்தில் ஷேக்கரில் ஏழு நாள் வையுங்கள். பிறகு அதிலிருந்து 1 மி.லி. எடுத்து, புதிய ஊடகமும் புதிய டீசலும் உள்ள குடுவைக்கு மாற்றுங்கள். இப்படி மூன்று முறை மாற்றுவது வழக்கம். மண்ணோடு வந்த மட்கும் பிற கார்பனும் ஒவ்வொரு மாற்றத்திலும் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், மூன்றாவது மாற்றத்துக்குப் பின் அவற்றை நம்பி எதுவும் வாழ முடியாது.

இதோடு இரண்டு குடுவைகளை உடன் வைக்க வேண்டும். ஒன்றில் ஊடகமும் டீசலும் இருக்கும், மண் இருக்காது. மற்றொன்றில் ஊடகமும் மண்ணும் இருக்கும், டீசல் இருக்காது. முதல் குடுவை கலங்கினால் உங்கள் டீசலோ ஊடகமோ தூய்மையாக இல்லை என்று பொருள்; இரண்டாவது, மாற்றத்துக்கு மாற்றம் தெளிந்துகொண்டே வர வேண்டும்.

நல்ல செறிவூட்டம் கண்ணுக்கே தெரியும். முதல் நாளில் நீரின் மேல் பளபளப்பான தனிப்படலமாக மிதக்கும் டீசல், நான்கைந்து நாளில் சிறு துளிகளாக உடைந்து, மோர் போன்ற கலங்கலாக மாறும். பாக்டீரியாக்கள் சுரக்கும் உயிரிப் பரப்புக் குறைப்பான்கள், அதாவது சோப்பைப் போல எண்ணெயை நீரில் கலக்கவைக்கும் பொருள்கள், செய்யும் வேலை இது. சில குடுவைகளில் இப்படிக் கலங்காமல், டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் மட்டும் செதில் செதிலாக ஒரு படலம் திரளும். ரோடோகாக்கஸ் போன்றவற்றின் செல் சுவரிலுள்ள மைக்காலிக் அமிலங்கள் நீரை விலக்குபவை என்பதால், அவை எண்ணெய்த் துளியிலேயே ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. கீழே உள்ள நீர் தெளிவாக இருக்கிறதே, வளர்ச்சி இல்லை என்று அந்தக் குடுவையைக் கைவிட்டுவிடாதீர்கள். மாற்றம் செய்யும்போது அந்தப் படலத்திலிருந்தும் சிறிது எடுங்கள்.

தட்டில் பிரித்தல்

செறிவூட்டத்தை அடுக்கடுக்காகப் பத்துமடங்கு நீர்த்து, பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரையுள்ள நீர்ப்புகளிலிருந்து 0.1 மி.லி. எடுத்து, அதே கனிம ஊடகத்தில் அகார் சேர்த்த தட்டுகளில் பரப்புங்கள். டீசலை அகாரின் மேல் தடவினால் அது திட்டுத் திட்டாக நிற்கும், காலனிகள் வழுக்கி ஒன்றாகும். அதைவிட நல்ல வழி, தட்டைக் கவிழ்த்து, மூடிக்குள் ஒரு வடிதாள் வட்டத்தை வைத்து, அதில் 0.2 மி.லி. டீசலை ஊறவிடுவது. ஆவியே உணவாகச் சேரும். கண்ணாடிப் பெட்ரித் தட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். பாலிஸ்டைரீன் தட்டுகள் டீசல் பட்டால் வெடித்து நெளிந்துவிடும். நாஃப்தலீனைத் தின்னும் பாக்டீரியா வேண்டுமென்றால், வடிதாளுக்குப் பதிலாகச் சில நாஃப்தலீன் படிகங்களை மூடியில் வைத்தால் போதும். கடையில் விற்கும் பாச்சை உருண்டையை நம்ப வேண்டாம். அவற்றில் சில நாஃப்தலீனே அல்ல, பாராடைகுளோரோபென்சீன். பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது டீசலையோ, பின்னால் சாறெடுக்கப் பயன்படும் கரைப்பானான ஹெக்சேனையோ அருகில் திறக்காதீர்கள்.

தட்டுகளைப் பத்து நாள் வரை பொறுத்துப் பாருங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அகாரிலேயே சிறிதளவு கரிமப் பொருள்கள் கலந்திருப்பதால், டீசல் இல்லாமலும் பல பாக்டீரியாக்கள் ஊசிமுனை அளவுக் காலனிகளாக வளரும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் டீசல் வைக்காத தட்டு ஒன்றும் வேண்டும். அதில் வளராதவற்றை, அல்லது டீசல் தட்டில் தெளிவாகப் பெரிதாக வளர்பவற்றை மட்டும் எடுத்து, மீண்டும் மீண்டும் கோடிழுத்துத் தூய்மைப்படுத்துங்கள். நீலப்பச்சை நிறம் பரப்பி, திராட்சை போல மணக்கும் காலனி கிடைத்தால் அது பெரும்பாலும் சூடோமோனாஸ் ஏருஜினோசா. எண்ணெயை உடைப்பதில் வல்லது. ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குக் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியது. அதை இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்திலேயே கையாள வேண்டும், திறந்த மண்ணில் இடுவதற்கு ஒருபோதும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

தூய்மையான காலனிகள் பத்திருபது கிடைத்துவிட்டால், அவற்றில் எவை சுறுசுறுப்பானவை என்று விரைவாக வடிகட்ட டிசிபிஐபி என்னும் நீலச் சாயம் உதவும். பாக்டீரியா ஹைட்ரோகார்பனை ஆக்சிஜனேற்றும்போது வெளிவரும் எலெக்ட்ரான்களை இச்சாயம் ஏற்று நிறமிழக்கிறது. செல்களை நன்றாகக் கழுவி, கனிம ஊடகம், டீசல், சாயம் ஆகியவற்றோடு சிறு குழாய்களில் வைத்து, நீலம் எத்தனை மணி நேரத்தில் மறைகிறது என்று பாருங்கள். டீசல் இல்லாத குழாயிலும் நிறம் மறைந்தால், செல்களைப் போதிய அளவு கழுவவில்லை என்று பொருள். அரோமாட்டிக் வளையத்தைப் பிளப்பவற்றை அறிய, காலனியின் மேல் கேட்டகால் கரைசலைத் தெளிக்கலாம். வளையத்தை மெட்டா வழியில் பிளக்கும் நொதி இருந்தால் சில நிமிடங்களில் காலனி பளிச்சென்று மஞ்சளாகும்.

பரப்புக் குறைப்பானை அளக்கும் சோதனை இதைவிட எளிது. செல் நீக்கிய வளர்ப்புத் திரவம் 2 மி.லி., மண்ணெண்ணெய் 2 மி.லி. சேர்த்து இரண்டு நிமிடம் வேகமாகக் கலக்கி, 24 மணி நேரம் அசையாமல் வைத்து, நுரைத்த பால்மப் (எமல்ஷன்) படலத்தின் உயரம் மொத்த உயரத்தில் எத்தனை விழுக்காடு என்று குறிக்க வேண்டும். ஆனால் பால்மம் உயர்ந்து நிற்பதாலேயே அந்தப் பாக்டீரியா எண்ணெயை நன்றாகத் தின்கிறது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் தனித்தனித் திறன்கள்.

எவ்வளவு தின்றது என்று அளத்தல்

இதுதான் ஆய்வின் உயிர்நாடி. இங்கே அவசரம் கூடாது.

முதலாவது, 1 விழுக்காடு டீசலை விட்டுவிட்டு 0.5 விழுக்காடு எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. 100 மி.லி. புஷ்னெல் ஹாஸ் ஊடகத்திலுள்ள அம்மோனியம் நைட்ரேட் தருவது 0.035 கிராம் நைட்ரஜன். 1 மி.லி. டீசலில் ஏறத்தாழ 0.7 கிராம் கார்பன் இருக்கிறது. ஆக, 100 பங்கு கார்பனுக்கு 5 பங்கு நைட்ரஜன்தான் கிடைக்கிறது; வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 10 பங்கு. 0.5 மி.லி. என்றால் விகிதம் சரியாக அமையும். இல்லாவிட்டால் பாதி வழியில் நைட்ரஜன் தீர்ந்து, பாக்டீரியாவின் திறனைக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

இரண்டாவது, ஒரே குடுவையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்து டீசலை அளக்க முடியாது. டீசல் மேலே மிதக்கிறது, சுவரில் ஒட்டுகிறது, பைப்பட்டுக்குள் வருவது எந்தப் பகுதி என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு முழுக் குடுவையைப் பலியிட வேண்டும். 0, 7, 14, 21ஆம் நாள்கள், நாளொன்றுக்கு மும்மூன்று குடுவைகள், பாக்டீரியா உள்ளவை ஒரு தொகுதி, ஆட்டோகிளேவில் கொன்ற அதே பாக்டீரியாவை இட்டவை மற்றொரு தொகுதி என்று கணக்கிட்டால் 24 குடுவைகள். அத்தனை குடுவைகள் இல்லையென்றால் நாள்களைக் குறையுங்கள். கொன்ற பாக்டீரியாத் தொகுதியைக் குறைக்காதீர்கள். பஞ்சடைப்பு, ஷேக்கரில் இடம், ஊடக அளவு எல்லாம் இரு தொகுதிக்கும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும்.

குறித்த நாளில் குடுவைக்குள்ளேயே 25 மி.லி. ஹெக்சேனை ஊற்றிச் சுவர்களை நன்றாகக் கழுவி, பிரிபுனலுக்கு மாற்றிக் குலுக்கி, மேலடுக்கைச் சேகரியுங்கள். மேலும் இரு முறை இதைச் செய்து, மூன்று சாறுகளையும் ஒன்றாக்கி, நீரற்ற சோடியம் சல்பேட்டால் உலர்த்துங்கள். பரப்புக் குறைப்பான் மிகுந்த குடுவைகளில் இரு அடுக்குகளுக்கு நடுவே வெண்ணிறப் பால்மம் பிரியாமல் நிற்கும். ஒரு சிட்டிகை சோடியம் குளோரைடு சேர்த்துக் காத்திருந்தால் பெரும்பாலும் உடையும். அதை அப்படியே கீழே விட்டுவிட்டால், அதில் சிக்கிய டீசலும் பாக்டீரியாவின் கணக்கில் ஏறிவிடும். 0ஆம் நாள் குடுவைகளிலிருந்து நீங்கள் இட்ட டீசலில் 90 விழுக்காட்டுக்கும் குறைவாகவே திரும்பக் கிடைத்தால், முதலில் சாறெடுக்கும் கையைத் திருத்திக்கொண்டு பிறகு மேலே செல்லுங்கள்.

சாற்றை ஆவியாக்கி எடைபோடும் முறை கச்சா எண்ணெய்க்கும் எஞ்சின் ஆயிலுக்கும் ஓரளவு பொருந்தும். டீசலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஹெக்சேன் போகும்போது டீசலின் இலேசான பகுதியும் உடன் போகிறது. வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவியில் (கேஸ் குரோமட்டோகிராஃப்) அளப்பதே முறை. கல்லூரியில் அது இல்லாவிட்டால், பல்கலைக்கழகக் கருவி மையங்கள் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. எல்லாச் சாறுகளுக்கும் பணம் போதாதென்றால், 0ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் உரியவற்றை மட்டுமாவது அனுப்புங்கள்.

கணக்கிடும் முறைக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: தொடக்கத்தில் 0.40 கிராம், 14ஆம் நாள் கொன்ற பாக்டீரியாக் குடுவையில் 0.28 கிராம், உயிருள்ள பாக்டீரியாக் குடுவையில் 0.16 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டால் 60 விழுக்காடு சிதைந்ததாகத் தோன்றும். ஆனால் அதில் 30 விழுக்காடு, உயிரே இல்லாத குடுவையிலும் காணாமல் போயிருக்கிறது. பாக்டீரியாவுக்கு உரியது எஞ்சிய 30 விழுக்காடு. இப்படிக் கொன்ற பாக்டீரியாவை இட்ட ஒப்பீட்டுக் குடுவை இல்லாமல் கோரப்படும் பெரிய விழுக்காடுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

கருவி தரும் வரைபடத்தில் மற்றொரு சான்றும் இருக்கிறது. 17 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி ஆல்கேனும், பிரிஸ்டேன் என்னும் கிளைச்சங்கிலி ஆல்கேனும் அடுத்தடுத்த முகடுகளாக வெளிவரும். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஆவியாகக்கூடியவை. ஆனால் பாக்டீரியா முந்தியதைத்தான் முதலில் தின்னும். ஆகவே டீசல் ஆவியாகி மட்டும் குறைந்திருந்தால் இவ்விரு முகடுகளின் விகிதம் பெரிதும் மாறாது. பாக்டீரியா தின்றிருந்தால் விகிதம் சரியும். 18 கார்பன் ஆல்கேனையும் ஃபைட்டேனையும் இதே போல ஒப்பிடலாம். நாள் செல்லச் செல்லப் பிரிஸ்டேனும் தின்னப்படும் என்பதால், தொடக்க வாரங்களில் மட்டுமே இந்த அளவுகோல் நம்பத்தக்கது. கச்சா எண்ணெய் ஆய்வுகளில் இதைவிட உறுதியாக நிற்கும் ஹோப்பேன் என்னும் சேர்மத்தை ஒப்பிடுபொருளாகக் கொள்வார்கள். டீசலில் அது குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை.

வளர்ச்சியை ஒளியடர்த்தியால் மட்டும் காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். எண்ணெய்த் துளிகளே ஒளியைச் சிதறடிக்கும். துளியில் ஒட்டிய செல்களோ அளவியில் வராமலே போகும். காலனி எண்ணிக்கை அல்லது செல் புரத அளவு நம்பகமானது.

பாக்டீரியாவின் இனத்தை அறிய, கிராம் சாயமேற்றம் முதலான வழக்கமான சோதனைகளுக்குப் பின், 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் பெருக்கி வரிசைப்படுத்தி, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட வேண்டும். ஒற்றுமை எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இந்த ஒரு மரபணுவால் பல சூடோமோனாஸ் இனங்களைப் பிரித்தறிய முடியாது. பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

குடுவையிலிருந்து மண்ணுக்கு

குடுவையில் வென்ற பாக்டீரியா மண்ணிலும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. அதைச் சோதிக்க, 1 கிலோ மண் கொண்ட நான்கு தட்டங்கள் போதும். எல்லாவற்றிலும் 10 கிராம் டீசல் கலந்து, முதலாவதை அப்படியே விடுங்கள்; இரண்டாவதில் உரமிட்டுக் கிளறுங்கள்; மூன்றாவதில் உரத்தோடு உங்கள் பாக்டீரியாவையும் சேருங்கள்; நான்காவதன் மண்ணை, டீசல் கலப்பதற்கு முன், அடுத்தடுத்த மூன்று நாள்கள் ஆட்டோகிளேவ் செய்து வையுங்கள். ஒருமுறை செய்தால் எஞ்சும் வித்துகள் மறுநாள் முளைத்துவிடும் என்பதால்தான் மூன்று முறை.

உரத்தின் அளவைக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை 100:10:1 என்ற விகிதத்தில் அமையுமாறு கணக்கிடலாம். 10 கிராம் டீசலில் ஏறத்தாழ 8.6 கிராம் கார்பன். அதற்கு 0.86 கிராம் நைட்ரஜனும் 0.086 கிராம் பாஸ்பரஸும் வேண்டும். உரக்கடை டிஏபியில் ஏறத்தாழ 20 விழுக்காடு பாஸ்பரஸும் 18 விழுக்காடு நைட்ரஜனும் இருப்பதால் 0.43 கிராம் டிஏபி பாஸ்பரஸ் தேவையை நிறைவேற்றும். மீதி நைட்ரஜனுக்கு 1.7 கிராம் யூரியா. இதை ஒரே தடவையில் கொட்டினால் அம்மோனியா மிகுந்து பாக்டீரியாக்களைத் தாக்கும். மூன்று நான்கு தவணையாகப் பிரித்து நீரில் கரைத்துத் தெளியுங்கள். ஈரம், மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறனில் பாதிக்குச் சற்று மேலாக இருக்கட்டும். கைப்பிடியில் அழுத்தினால் மண் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. வாரத்துக்கு இருமுறையாவது கிளறிக் காற்றோட்டம் தர வேண்டும்.

இரண்டாவது தட்டமும் மூன்றாவது தட்டமும் பல நேரங்களில் ஏறத்தாழ ஒரே முடிவைத் தரும். அதைத் தோல்வி என்று எண்ணி ஆய்வேட்டில் மறைக்க வேண்டாம். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் பரவியபோது, கரைகளில் பெருமளவில் இடப்பட்டது உரம்தான். எண்ணெயைத் தின்றவை அங்கேயே ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்கள். வெளியிலிருந்து விடும் பாக்டீரியா, உள்ளூர்ப் பாக்டீரியாக்களோடு போட்டியிட வேண்டும், அவற்றைத் தின்னும் புரோட்டோசோவாக்களிடமிருந்து தப்ப வேண்டும். எண்ணெய் மிக அதிகமாகப் படிந்த கழிவுக் குழம்பைப் போன்ற இடங்களில், உள்ளூர்ப் பாக்டீரியாக்கள் குறைந்துபோயிருந்தால், வெளிப்பாக்டீரியாக்களைச் சேர்ப்பது பயன் தரும். இந்தியாவின் எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரி உருவாக்கிய ஆயில்ஸாப்பர், பல பாக்டீரியாக்களைக் கூட்டாக ஒரு சுமப்பியில் ஏற்றித் தரும் அத்தகைய தயாரிப்பு. டீசலின் எல்லாப் பகுதிகளையும் ஒரே பாக்டீரியா தின்னாது என்பதால் கூட்டாக விடுவதே பொருத்தம்.

இந்தத் திறன்களை ஒரே பாக்டீரியாவில் சேர்க்க முயன்றவர் இந்திய-அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. எண்ணெயைச் சிதைக்கும் மரபணுக்கள் பல, குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிளாஸ்மிடுகளில் இருக்கின்றன. அவற்றில் நான்கை ஒரே சூடோமோனாஸில் சேர்த்து அவர் கேட்ட காப்புரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் ஏற்றது. புதியவர்கள் இதில் கவனிக்க வேண்டியது பிளாஸ்மிடைத்தான். தேவையில்லாதபோது பாக்டீரியா பிளாஸ்மிடை இழந்துவிடக்கூடும். டீசலில் பிடித்த பாக்டீரியாவைச் சத்து அகாரில் மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்த்தால், காலனி கொழுத்திருக்கும், டீசல் தின்னும் திறன் போயிருக்கும்.

சேமிப்பும் கழிவும்

ஆகவே தூய்மைப்படுத்திய உடனேயே, டீசல் ஊடகத்தில் வளர்ந்த செல்களை 20 விழுக்காடு கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் மைனஸ் 20இல் சில மாதங்கள் தாங்கும். சிறப்பானதாகத் தெரியும் பாக்டீரியாவைச் சண்டிகரிலுள்ள எம்டிசிசி போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் ஒப்படைக்கலாம்.

ஹெக்சேனையும் டீசலையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. மூடியுள்ள கரைப்பான் கழிவுக் கலனில் சேர்த்து, முறைப்படி அகற்றுவோரிடம் கொடுக்க வேண்டும். பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தை, எண்ணெய் அடுக்கை நீக்கிய பிறகே ஆட்டோகிளேவ் செய்யுங்கள். சோதனைத் தட்ட மண்ணைத் தோட்டத்தில் கொட்டாமல், எஞ்சிய எண்ணெயின் அளவு தெரியும்வரை மூடிய வாளியில் வைத்திருங்கள். குப்பிகளின் மேல் பாக்டீரியாவின் எண், மண் எடுத்த இடம், நாள், டீசல் வாங்கிய நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் மை ஹெக்சேன் பட்டால் அழிந்துவிடும்.